பழகிப்போச்சுங்க!

கேள்வி: சாயப்பட்டறைச் சுத்திகரிப்புத் தொட்டியில் விடுகிற பாக்டீரியா, எத்தனை விஷம் ஊற்றினாலும் கொஞ்ச நாளில் பழகிவிடுமாமே, எப்படிங்க? அதையே நிறைய வளர்த்து நொய்யலில் விட்டால் ஆறு சுத்தமாகிவிடாதா? மனுஷனும் அப்படிப் பழகிக்கொள்ள முடியுமா?
– ஒரு வாசகர், சென்னிமலை

பதில்: மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். என் கண்ணில் குத்தியது 'பழகிவிடும்' என்ற ஒரு சொல்தான். கொங்கு நாட்டில் எதைக் கேட்டாலும் இதுதானே பதில்? குழாயில் பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிறதா? பழகிப்போச்சுங்க. போர் தண்ணீரில் பருப்பு வேகவில்லையா? அதுவும் பழகிப்போச்சுங்க. 1992இல் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலுக்குக் குறுக்கே பாசனத்துக்கென்று ஓர் அணை கட்டினார்கள். சில வருஷத்திலேயே அது சாயக்கழிவுத் தொட்டியாகிவிட்டது. 'தயவுசெய்து தண்ணீர் திறந்துவிடாதீர்கள்' என்று கீழே இருந்த விவசாயிகளே கெஞ்சினார்கள். அணைக்குக் கீழே காடு வைத்துக்கொண்டு தண்ணீர் வேண்டாம் என்று போராடிய குடியானவர்களை வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்? அதைச் சொன்னாலும், டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் 'அதெல்லாம் பழகிப்போச்சு கண்ணு' என்பார். இந்தச் சொல்லுக்கு ஜி.எஸ்.டி. போட்டால் திருப்பூர் மாநகராட்சியின் கடன் ஒரே மாதத்தில் அடைந்துவிடும்.

பாக்டீரியா அப்படிச் சொல்லாது. பெரும்பாலும் செத்துப்போகும். புது ரசாயனம் திடீரென்று தொட்டியில் வந்து விழுந்தால் கோடிக்கணக்கில் சாகும்; தப்பிய கொஞ்சம் பெருகித் தொட்டியை நிரப்பும். கரையில் நின்று பார்க்கிற நமக்கு 'பழகிவிட்டது' என்று தெரிகிறது. செத்தவற்றின் கணக்கை யார் எழுதுகிறார்கள்?

தப்பியது எப்படித் தப்பியது என்பதில்தான் சுவாரசியம். டொலுயீனை எடுத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் தின்னரில் மூக்கைத் துளைக்கிறதே, அந்தச் சரக்கு. ஆயிரத்தில் ஒரு பங்கு கலந்தாலே பெரும்பாலான பாக்டீரியாவின் கதை முடிந்தது. பாக்டீரியாவைச் சுற்றியிருக்கும் சவ்வுக்கு அடித்தளமே கொழுப்புதான். டொலுயீன் அந்தக் கொழுப்புக்குள் புகுந்து சவ்வைத் தளர்த்த, உள்ளே இருக்க வேண்டியதெல்லாம் வெளியே ஒழுகிவிடும். ஆனால் 1989இல் ஜப்பானில் இனோவே, ஹோரிகோஷி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், பாதிக்குப் பாதி டொலுயீன் ஊற்றிய குடுவையிலும் வளர்கிற, சூடோமோனாஸ் என்ற வகையைச் சேர்ந்த ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். உலகமே அசந்துபோனது.

அதன் முதல் வேலை சவ்வை இறுக்குவது. சவ்விலுள்ள கொழுப்பு அமிலங்களில் பலவற்றுக்கு வால் வளைந்திருக்கும். வளைந்த வால்கள் நெருங்கி அடையாது. விஷம் பட்டதும் ஒரு நொதி அந்த வளைவை நிமிர்த்திவிடுகிறது. புதுக் கொழுப்பு செய்யும் செலவு இல்லாமல் நிமிடக் கணக்கில் சவ்வு இறுகிவிடும். குலைந்துபோன புரதங்களைத் திரும்ப மடித்துச் சரிசெய்யத் தனியாக வேறு புரதங்கள் உண்டு. இதெல்லாம் சில்லறை. பெரிய கில்லாடித்தனம் பம்பில் இருக்கிறது. உள்சவ்விலிருந்து வெளிச்சவ்வுக்கு வெளியே வரை ஒரே குழாய். புகுந்த டொலுயீனைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

கவனித்தீர்களா? தள்ளும், அவ்வளவுதான். முறிக்காது, தின்னாது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல், முடிந்தால் மழை நாளாகப் பார்த்து, மோட்டாரைப் போட்டுத் தொட்டியில் இருப்பதை ஓடைக்கு ஏற்றுகிறார்களே, அதே தொழில்நுட்பம். நம்மூர்க்காரர்கள் இதற்குக் காப்புரிமை கேட்டுப் போனால் கிடைக்காது, பாக்டீரியா முந்திக்கொண்டது. ஆனால் நேர்மை பாக்டீரியாவிடம்தான் அதிகம். 'எங்களால் இத்தனை லட்சம் பேர் பிழைக்கிறார்கள்' என்று அது பேட்டி கொடுப்பதில்லை. ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு இளநீர் வெட்டுவதில்லை. மாதிரி எடுக்கும் நாளில் மட்டும் நல்ல தண்ணீரைத் திறந்துவிடுவதில்லை. கேட்டால் 'மேலே இருக்கிறவன் விட்டதுங்க' என்று பக்கத்து பாக்டீரியாவைக் கை காட்டுவதில்லை. பம்பு ஓட்டும் செலவையும் தன் உடம்பிலிருந்தே கட்டுகிறது. பம்பு ஓட ஓட வளர்ச்சி குறையும். மானியம் கிடையாது. 2011 ஜனவரி 28இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே, அதன்பிறகு கோடிக்கணக்கில் செலவழித்து ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் நடத்துகிறவர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம். ராத்திரி மோட்டார் யாருடையது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

சரி, நொய்யலுக்கு வருவோம். விஷத்தைத் தாங்குகிற பாக்டீரியா வேறு, விஷத்தைத் தின்கிற பாக்டீரியா வேறு. சிலது இரண்டும் செய்யும். தாங்குவதாலேயே தின்றுவிடும் என்று நினைக்கக் கூடாது. சாயத்திலும் அதே சிக்கல். அசோ என்ற வகைச் சாயத்தில் இரண்டு நைட்ரஜனுக்கு நடுவே இருக்கும் இணைப்பைக் காற்றில்லாத தொட்டியில் பாக்டீரியா உடைத்துவிடும். நிறம் போய்விடும். 'ஆகா, தண்ணீர் தெளிந்துவிட்டது' என்று படம் எடுத்து வாட்சப்பில் போடுவீர்கள். உடைந்து வருகிற அமீன் என்ற ரசாயனத் துண்டுகளுக்குக் கண்ணில் தெரிகிற நிறமில்லை, ஆனால் சிலது சாயத்தைவிடப் பொல்லாதது. அடுத்த தொட்டியில் காற்று ஊதி, வேறு பாக்டீரியாவை வைத்து அதை முடிக்க வேண்டும். ஆற்றில் யார் வரிசையாகத் தொட்டி கட்டி வைத்திருக்கிறார்கள்? இன்னொன்றும் உண்டு. டொலுயீனைத் தள்ளும் பம்புகளில் சில, ஆம்பிசிலின், டெட்ராசைக்ளின் மாதிரி மருந்தையும் அதே குழாயில் வெளியே தள்ளும். அப்படிப்பட்டதை லாரி லாரியாக ஆற்றில் விடச் சொல்கிறீர்கள்.

அப்புறம் உப்பு. பருத்தியில் சாயம் பிடிக்கவைக்க, அடர்த்தியான நிறம் என்றால் லிட்டருக்கு 50, 60 கிராம்கூட உப்பு போடுவார்கள். துணியில் அது தங்காது. முழுக்கத் தண்ணீரோடு வெளியே வரும். எந்த பாக்டீரியாவும் உப்பைத் தின்று தீர்க்காது. ஆர்.ஓ. வைத்துப் பிரித்து, எவாப்பரேட்டரில் காய்ச்சித்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்த கலப்பு உப்பை மூட்டை கட்டி அடுக்கிவிட்டு எங்கே கொட்டுவதென்று முழிக்கிறார்கள்.

இந்த உப்புக் கேள்வியைத்தான் 'ஒரு பாக்கெட் பாக்டீரியா பவுடர் போட்டால் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) இறங்கிவிடும்' என்று விளம்பரம் கொடுக்க வந்த ஒருவரிடம் கேட்டேன். 'சார், இது ஸ்பெஷல் பாக்டீரியா' என்றார். விளம்பரத்தைத் திருப்பி அனுப்பியதிலிருந்து எங்கள் விளம்பர மேலாளர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பவுடரே இல்லாமல் தொட்டி ஓட்டுகிற ஆபரேட்டர்கள் சாணியைக் கரைத்து ஊற்றி, வெல்லமும் யூரியாவும் டி.ஏ.பி.யும் போட்டு பாக்டீரியாவை வளர்க்கிறார்கள். கவுந்தப்பாடிச் சர்க்கரை பழனி முருகனின் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற ஊரில், அதன் அண்ணன் தம்பி காற்று ஊதும் ஏரேஷன் டேங்குக்குப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டு இடத்திலும் பக்தி ஒன்றுதான்.

மனிதன்? நமக்கும் பம்பு உண்டு. குடல், கல்லீரல், சிறுநீரகம், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்ச் சுவர் என்று பல இடத்தில் பி-கிளைகோபுரோட்டீன் என்ற புரதம் வேண்டாததை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. புற்றுநோய்ச் செல்லும் அதே பம்பை வைத்துக்கொண்டு மருந்தை வெளியே தள்ளும். ஆனால் பாக்டீரியா மாதிரிப் பழக வேண்டுமென்றால், பெரும்பாலானவர் சாக வேண்டும், மிஞ்சியவர் அவசர அவசரமாகப் பெருக வேண்டும். ஒரு தலைமுறைக்கு நமக்கு இருபத்தைந்து வருஷம் ஆகிறது. சென்னிமலையில் முதலில் யார் தயார் என்று கேட்டு எழுதுங்கள்.

இதில் எனக்குப் பிடித்த ஜீவன் வேறு. முதல் உலகப் போரில் வெடிமருந்துக்கு அசிட்டோன் வேண்டியிருந்தபோது, கெய்ம் வெய்ஸ்மன் என்ற வேதியியலாளர் (பிற்பாடு இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவர் ஆனார்) கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாவை மாவுச்சத்தில் விட்டு அசிட்டோன் தயாரித்தார். கூடவே பியூட்டனாலும் வரும். நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு பியூட்டனால் சேர்ந்ததுமே, தான் செய்த சரக்கே தாங்காமல் பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். போதும் என்று நிறுத்தத் தெரிந்த ஜீவன்.

கள்ளும் அப்படித்தான். (வந்துவிட்டான் இவன் கள்ளுக்கு என்று கோபியிலிருந்து மாதம் தவறாமல் எழுதுகிற அன்பர் பல்லைக் கடிப்பது கேட்கிறது.) கள்ளுக்குள் ஈஸ்ட்டோடு சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் இருக்கிறது. ஆய்வகத்தில் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு வரைகூடச் சாராயத்தைத் தாங்கும் வீரன் அது. பானையிலோ ஐந்து பங்கை ஒட்டி நின்றுவிடும். அதற்குள் இன்னொரு கூட்டம் வந்து சாராயத்தைப் புளிக்காடியாக்கத் தொடங்கிவிடும். டாஸ்மாக்கில் விற்கிற சரக்கில் 42.8 சதவீதம். எந்த ஈஸ்ட்டும் எந்த பாக்டீரியாவும் நொதிக்கவைத்து அந்த அளவைத் தொட முடியாது. காய்ச்சி வடித்தால்தான் உண்டு. ஜீவராசி செய்கிற சரக்குக்கு 1987 முதல் தடை. எந்த ஜீவராசியும் உள்ளே பிழைக்க முடியாத சரக்குக்கு அரசாங்கமே கடை. கோபி அன்பரே, இதற்கு மறுப்பு எழுதுவதாக இருந்தால் இந்தத் தடவை தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி அனுப்புங்கள்; இரண்டு பக்கமும் எழுதினால் படிக்க முடிவதில்லை.