பின்னல் ரொட்டி – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான்கு வருடங்களாக டோக்கியோவில், நிஷிகசாயில் இருக்கிறேன். உடன் வேலை பார்க்கும் யூதத் தோழி ஏப்ரல் 3, வெள்ளி இரவு, ஏதோ வசந்தப் பண்டிகை விருந்துக்கு அழைத்திருக்கிறாள். அவர்களுடைய ஓய்வுநாள் ரொட்டியான ஹல்லாவை ஜப்பானிய வசந்தச் சுவையில் செய்து எடுத்துப்போக ஆசை. மூன்று புரி: ஒன்று சகுரா (செர்ரிப் பூ) இளஞ்சிவப்பு, ஒன்று வெள்ளை, ஒன்று மட்சா (தேயிலைப் பொடி) பச்சை. மேலே எலுமிச்சை மாதிரியான யூசுப் பழத்தின் தோல், உள்ளே ஒட்டும் அரிசியில் செய்த மோச்சி கொஞ்சம். ஹல்லாவையும் ஜப்பானிய வசந்தத்தையும் இதுவரை யாரும் சேர்த்ததில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அடுத்தவர் பண்பாட்டில், அதுவும் இரண்டு பேர் பண்பாட்டில், கைவைக்க எனக்கு உரிமை உண்டா என்று உறுத்துகிறது. இன்னொன்று, இரண்டு முறை செய்துபார்த்தேன், வேகும்போது பின்னல் பிரிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

மீனா

அன்புள்ள மீனா,

முதலில், ரொட்டிக்கு அந்த ஏப்ரல் 3ஐ அடித்துவிடு. இந்த வருடம் பஸ்கா ஏப்ரல் 1 மாலை தொடங்கி 9ஆம் தேதி இரவு முடிகிறது. நீ சொல்லும் ‘ஏதோ வசந்தப் பண்டிகை’ அதுதான். அந்த எட்டு நாளும் புளித்த மாவு வீட்டில் இருக்கவே கூடாது என்பது அவர்கள் விதி. அவர்களுடைய முன்னோர் எகிப்திலிருந்து கிளம்பிய அவசரத்தில் மாவு பொங்கக் காத்திருக்க முடியவில்லை என்பதன் நினைவு. பண்டிகைக்கு முந்தைய இரவு மெழுகுவர்த்தியும் இறகுமாக ரொட்டித் துணுக்குகளைத் தேடிக் கூட்டியெடுத்து, காலையில் எரிப்பார்கள். அந்த வீட்டு வாசலில் ஈஸ்ட் போட்டுப் பொங்கிய ரொட்டியோடு நீ போய் நிற்கப்போகிறாய். போதாததற்கு உள்ளே மோச்சி! அஷ்கெனாசி, அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வழிவந்தவர்கள் பலர் பஸ்காவில் அரிசியும் தொடமாட்டார்கள்.

பண்பாட்டு உரிமையைப் பற்றி எனக்குக் கடிதம் எழுத உனக்கு நேரம் இருந்திருக்கிறது. “இது என்ன பண்டிகை, என்ன கொண்டுவரலாம்?” என்று தோழியிடம் கேட்க நேரம் இல்லை. அவள் உனக்கு இரண்டு மேசை தள்ளித்தானே உட்கார்ந்திருப்பாள்?

கோபித்துக்கொள்ளாதே. இதையே நான் செய்திருக்கிறேன். போன வாரம்கூட அதை நினைத்துக்கொண்டிருந்தேன், உன் கடிதம் வந்தது.

1999. புரூக்ளினில் ஒரு யூதக் கிழவியின் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். வெள்ளிக்கிழமை மதியமானால் கீழேயிருந்து ஹல்லா வேகும் வாசனை படியேறி வரும். ஏப்ரல் முதல் வாரம், ஈஸ்டர் சமயம். தெருமுனை இத்தாலியக் கடையில் பின்னல் போட்ட ரொட்டி ஒன்றைப் பார்த்தேன், மேலே பளபளவென்று முட்டைப் பூச்சு. அட, நம்ம பாட்டி ரொட்டி! வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பின்னால் சமையலறை அலமாரிகளில் குறுக்கே ஒட்டுநாடா ஒட்டியிருந்தது. உள்ளே இருந்த மாவும் சாமானும் அந்த வாரத்துக்கு வேற்று மதத்தவர் ஒருவருக்கு விற்றதாகக் கணக்கு. அது எனக்குப் பிறகுதான் தெரியும். அவர் என்னை உள்ளே விடவில்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு தானே வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். “சாப்பிடு, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்றார். இருபத்தாறு வயதுக்காரி, குளிரில் தலையைக் குனிந்துகொண்டு ஈஸ்டர் ரொட்டியைத் தின்றேன். முட்டாள்தனத்துக்கு இதைவிட இனிப்பான தண்டனை எனக்குக் கிடைத்ததில்லை.

பஸ்கா முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை கூப்பிட்டு அனுப்பினார். மாவைப் பிசைந்ததும் எலுமிச்சையளவு கிள்ளி, ஏதோ முணுமுணுத்து, அலுமினியத் தாளில் சுற்றி ஓவனுக்குள் எறிந்தார். கரியாக வேண்டும் அது. ஹல்லா என்ற பெயரே அந்தக் கிள்ளிய துண்டுக்குத்தான். எருசலேமில் ஆலயம் இருந்த காலத்தில் ஆசாரியருக்குக் கொடுத்தது, பைபிளின் எண்ணாகமத்தில் இருக்கிறது. கி.பி. 70இல் ஆலயம் இடிந்தது. வாங்க ஆளில்லை, ஆனாலும் எடுத்துவைத்து எரிக்கிறார்கள். காக்கைக்குச் சோறு வைக்கும் வீட்டிலிருந்து போனவளாதலால் எனக்கு ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை. (இரண்டும் ஒன்று என்று யாரும் கிளம்பாதீர்கள். ஒன்றல்ல.) பிறகு பின்னிய ரொட்டியின் மேல் வீட்டுச் சாவியை அழுத்தி அச்சுப் பதித்தார். பஸ்காவுக்கு அடுத்த ஓய்வுநாளுக்கு அப்படிச் சாவி ரொட்டி சுடுவது கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் உள்ள வழக்கம்.

உன் உரிமைக் கேள்விக்கு ஒரே பத்திதான் தருவேன். பின்னலே கடன் வாங்கியது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஜெர்மானிய, ஆஸ்திரிய யூதர்கள் அக்கம்பக்கத்தாரின் ரொட்டியைப் பார்த்து எடுத்துக்கொண்டது. ஜப்பானில் ரொட்டியே வந்தேறி. சாமுராய் வேலை போன கிமுரா யசுபெய் சாக்கே என்ற அரிசி மதுவின் ஈஸ்ட்டில் மாவைப் பொங்கவைத்து, உள்ளே பயற்றுப் பூரணம் வைத்து அன்பான் செய்தார். 1875 ஏப்ரல் 4 அன்று அது மெய்ஜி பேரரசருக்குப் போனபோது நடுவில் குழித்து, உப்பிலிட்ட சகுரா ஒன்றை வைத்திருந்தார்கள். சகுராவும் ரொட்டியும் சேர்ந்து நூற்றைம்பது வருடம் ஆகிவிட்டது, மீனா. நீ முதல் ஆள் இல்லை. நிம்மதியாகத் தூங்கு.

ஆனால் உன் பச்சையும் யூசுவும் என்னை உறுத்துகின்றன. யூசு குளிர்காலப் பழம். டிசம்பரில் வருடத்தின் மிகக் குறுகிய பகலன்று வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுக் குளிப்பார்களே, நான்கு வருடத்தில் பார்த்ததில்லையா? புதுத் தேயிலை பறிப்பது மே மாதத்தில். மட்சாவாக அரைக்கும் அந்த இலையை ஜாடியில் முத்திரையிட்டு வைத்து, நவம்பரில் முத்திரையை உடைப்பதுதான் தேநீர்ச் சடங்கின் மரபு. பச்சையாக இருப்பதெல்லாம் வசந்தமா? சகுரா பார்க்கப் போகும்போது தின்னும் மூவண்ண அரிசி உருண்டை, ஹனாமி டாங்கோவைப் பார்த்துத்தானே மூன்று நிறம் பிடித்தாய்? அதிலுள்ள பச்சை யோமொகி, வசந்தத்தில் துளிர்க்கும் மாசிப்பத்திரி வகைக் கீரை. அதைப் போடு.

இளஞ்சிவப்புப் பொடியைத் தூக்கிப் போடு. சகுராப் பூவுக்கு வாசனை ஏறக்குறைய கிடையாது. நாம் சகுரா வாசனை என்று சொல்வது இலையின் வாசனை. அதுவும் மரத்திலிருக்கும் இலையில் வராது. அந்த வாசனைப் பொருளான கூமரின் சர்க்கரையோடு பிணைந்து அடைபட்டுக் கிடக்கும். உப்பிலிட்டு இலையின் திசு உடையும்போதுதான் அவிழும். இசு தீபகற்பத்தில் மட்சுசாகி என்ற ஊரில் ஒஷிமா செர்ரி இலைகளைப் பறித்துக் கட்டுக்கட்டாகப் பெரிய பீப்பாய்களில் மாதக்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். பூவும் அப்படித்தான், உப்பும் உமே என்ற புளிப்புப் பழ ஊறுகாயின் புளிநீரும். இந்த மார்ச்சில் நீ வாங்கும் பூ போன ஏப்ரலில் பறித்தது. நாம் தின்பது எப்போதும் போன வருடத்து வசந்தத்தைத்தான். உப்புதான் அதைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அந்த உப்பைத் தொடாமல் சர்க்கரைப் பாகையும் நிறத்தையும் ஊற்றி அதற்கு சகுரா என்று பெயர் வைத்தால் எனக்குக் கை பரபரக்கிறது.

நாள் ஒரு பெரிய விஷயமா என்று கேட்பாய். 1940 கோடையில் லிதுவேனியாவில் ஜப்பானியத் துணைத் தூதர் சுகிஹாரா எழுதித் தந்த விசாவோடு வந்த யூத அகதிகள், சுருகா துறைமுகத்தில் இறங்கி கோபேயில் தங்கினார்கள். வீடும் ஊரும் போயாயிற்று. அப்போதும் அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? தங்கள் மத விதிப்படி தேதிக்கோடு எங்கே விழுகிறது, ஜப்பானில் ஓய்வுநாள் சனியா ஞாயிறா என்று. யூத மதகுருக்களான ரபிகளுக்குள்ளேயே ஒத்த பதில் இல்லை. சிலர் இரண்டு நாளும் அனுசரித்தார்கள்.

ஆகவே ஏப்ரல் 3 அன்று பழமோ பூவோ கொண்டுபோ, அதையும் கேட்டுக்கொண்டு. ரொட்டி ஏப்ரல் 10, வெள்ளி. வீட்டில் சுட்டு எடுத்துப்போகாதே. அவள் கோஷர் என்ற யூத உணவு விதி பார்ப்பவளானால் உன் ஓவனில் வெந்தது அவள் மேசைக்கு ஏறாது. பூவையும் இலையையும் கொண்டுபோய் அவள் சமையலறையில் அவளோடு சேர்ந்து செய். சூரியன் மறைவதற்குள் ஓவன் வேலை முடிய வேண்டும். வெண்ணெய் வேண்டாம், இரவு மேசையில் இறைச்சி இருக்கலாம், பாலும் அதுவும் சேராது. எண்ணெய் போதும். அரைக் கிலோ மாவுக்குப் பத்து இலை, நன்றாக அலசிப் பொடியாக நறுக்கியது. பூவைக் குளிர்ந்த நீரில் அரைமணி, நடுவில் தண்ணீர் மாற்றி. மாவில் போடும் உப்பைக் குறைத்துக்கொள். பூவைப் பின்னலின் மேட்டில் ஒட்டினால் கருகும். புரியும் புரியும் சேரும் பள்ளத்தில் அழுத்து. கிமுரா நடுவில் குழித்தது சும்மா இல்லை.

பின்னல் பிரிகிறது என்றாயே, மறந்தேபோனேன். உருட்டும்போது உலர்மாவை அள்ளித் தூவுகிறாய், அதனால் புரிகள் ஒட்டவில்லை. இறுக்கியும் பின்னுகிறாய். தளரப் பின்னி, விரலால் அழுத்திய குழி மெல்ல எழும்பும்வரை பொங்கவிடு.

சாவி பதிக்கிறார்களா என்று அவளிடம் கேள். பதிப்பதானால் நன்றாகக் கழுவச் சொல். எங்கள் புரூக்ளின் பாட்டி கழுவியதாக ஞாபகம் இல்லை.