2 அரியர் இருக்கும்போது ரெஸ்யூமில் 'டிப்ளமோ பாஸ்' என்று போடலாமா?

போடாதீர்கள். மணலி கம்பெனிக்கு ஆள் அனுப்பும் கன்சல்டன்சி அப்படிப் போடச் சொல்லி அவசரப்படுத்தினாலும் வேண்டாம். "டிப்ளமோ மெக்கானிக்கல், 3 ஆண்டு படிப்பு முடிந்தது, 2 பாடம் பாக்கி" என்று உள்ளதை அப்படியே எழுதுங்கள்.

கன்சல்டன்சிக்காரர்கள் அவசரப்படுத்துவது பெரும்பாலும் கமிஷனுக்காக. சரிபார்ப்பு நீங்கள் சேர்ந்த பிறகும் நடக்கலாம், மாட்டுவது நீங்கள்தான். ப்ரொவிஷனல் சர்டிபிகேட் (எல்லாப் பாடமும் பாஸானால் தரும் தற்காலிகச் சான்றிதழ்) கேட்டால் எதைக் காட்டுவீர்கள்? 'மேற்கண்ட விவரங்கள் உண்மை' என்று அடியில் போட்ட கையெழுத்தை வைத்தே, பல வருஷம் கழித்தும் வேலையை விட்டு நீக்கலாம்.

ராயபுரம் லேத் பட்டறையில் பார்த்த 1 வருஷ வேலையை 3 வருஷம் என்று போடும்படி கன்சல்டன்சி சொன்னதும் அதே கதைதான். அங்கே பி.எஃப். பிடித்தார்களா? யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். எண்) போர்ட்டலில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள். சேர்ந்த தேதியும், பதிந்திருந்தால் விலகிய தேதியும் இருக்கும். ரெஸ்யூமிலும் அதே தேதிகள்தான் வர வேண்டும். பி.எஃப். இல்லையென்றால் முதலாளியிடம் தேதி போட்டு ஒரு கடிதம் வாங்குங்கள்.

வருஷத்தைக் கூட்டுவதை விட வேலையை விவரித்து எழுதுங்கள்: எந்த மெஷின், என்ன பாகம் கடைந்தீர்கள், அளந்தது வெர்னியரிலா மைக்ரோமீட்டரிலா, டிராயிங் பார்த்துத் தனியாகச் செய்வீர்களா. சூப்பர்வைசர் கேட்கப்போவது இதைத்தான்.

ஒன்று மட்டும்: விளம்பரத்தில் 'டிப்ளமோ தேர்ச்சி கட்டாயம்' என்றிருந்தால் அந்த வேலையை விட்டுவிடுங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தகுதிக்கு அங்கேயே ஹெல்ப்பர், ஆபரேட்டர் இடம் இருக்கிறதா என்று நேரடியாக எச்.ஆரிடம் கேளுங்கள்.