கத்தரிப்பூ வைத்த தட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாங்காக்கில் வசிக்கிறோம். எங்கள் நான்கு வயது மகன் இங்குள்ள மழலையர் பள்ளி ஒன்றில் படிக்கிறான். ஜூன் மாதம் ஆசிரியர் வணக்க நாளில் பூத்தட்டு ஏந்திச் சென்று, ஆசிரியை முன் மண்டியிட்டுத் தலை தாழ்த்தினான். நீரில் மிதவை விடும் லோய் கிரதோங் விழாவுக்கு மிதவை செய்யப் போகிறார்களாம். இவையெல்லாம் நம் நாட்டிலிருந்து வந்தவைதானே, அதை இப்போதே அவனுக்குச் சொல்ல வேண்டாமா என்கிறார் என் கணவர். எனக்கோ, பொருள் தெரியாமலே எல்லாவற்றையும் செய்கிறானே என்ற கவலை. தங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகி, பாங்காக்

அன்புள்ள வாசகிக்கு,

பொருள் தெரிந்த பின்னரே ஒன்றைச் செய்ய வேண்டுமென்றால், நான்கு வயதில் எந்தக் குழந்தையும் எதையும் செய்ய முடியாது. அந்த வயதில் பண்பாடு கையிலும் முழங்காலிலும்தான் முதலில் குடியேறுகிறது. தாய்லாந்தின் மழலையர் கல்வி இதை நன்கு அறிந்திருக்கிறது. வாசலில் ஆசிரியையைக் கண்டதும் கைகூப்புவது, செருப்பைக் கழற்றி வரிசையில் வைப்பது, காலைப் பிறர் பக்கம் நீட்டாமல் அமர்வது, பிறர் தலையைத் தொடாமலிருப்பது ஆகியவற்றைப் பிள்ளைகள் பாடமாகப் படிப்பதில்லை. நாள்தோறும் செய்தே பழகுகிறார்கள். குறிப்பிட்ட நாளில் மரபுடை அணிந்து வரச் சொல்வதை நான் அத்தனை பெரிதாக எண்ணவில்லை. உடையை மாலையில் கழற்றிவிடலாம். உடம்பில் படிந்த பழக்கம் அப்படிப் போய்விடாது.

உங்கள் மகன் ஏந்திய தட்டையே பாருங்கள். அந்த விழாவை வழக்கமாக வியாழக்கிழமையில் நடத்துகிறார்கள். அது குருவுக்குரிய நாள். தட்டில் மரபாக இடம்பெறுபவை அருகம்புல், இட்லிப்பூ, கத்தரிப்பூ, நெற்பொரி. அருகம்புல் மிதிபட்டாலும் வேர்விட்டுப் படர்வதுபோலக் கல்வி படர வேண்டும். இட்லிப்பூவின் ஊசிமுனை மொட்டைப்போல அறிவு கூர்மையாக வேண்டும். காய்க்கவிருக்கும் கத்தரிப்பூ தலைகவிழ்ந்து நிற்பதுபோல மாணவர் பணிவுடன் இருக்க வேண்டும். கொல்லையில் எவரும் நின்று பார்க்காத கத்தரிப்பூவை ஆசிரியரின் முன் வைக்கலாம் என்று எண்ணிய அந்த மனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பணிவு என்னவென்று உங்கள் மகனுக்குச் சொல்லி விளக்க இயலாது. ஆனால் அந்தப் பூ எப்படித் தொங்குகிறது என்பதை ஒரு செடியருகே அவனை அழைத்துச் சென்று காட்ட இயலும். அதை நீங்கள் அவசியம் செய்யுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் வரலாற்று உண்மை உண்டு. பாங்காக்கில் 1784இல் எழுந்த தேவஸ்தான் ஆலயத்தின் பிராமணர்கள், திருவெம்பாவையிலிருந்து வந்த பாடல்களைத் தங்கள் நாவில் உருமாறிய ஒலியுடன் இன்றும் ஓதுகிறார்கள். இதை அறியும்போது தமிழர் நெஞ்சு நிறைவது இயல்பு. ஆயினும், வகுப்பில் உடன் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் தங்களுடையதாகக் கொண்டாடும் ஒன்றை, ‘இது நம்மிடமிருந்து வந்தது’ என்று சொல்லிக் கொடுத்து அனுப்பினால், அவன் கற்றுக்கொள்வது வரலாறாக இராது. நண்பனைவிடத் தான் ஒரு படி உயர்ந்தவன் என்பதையே அவன் கற்பான். அந்தக் கூற்று முழு உண்மையும் அன்று. முதலாம் ராமா மன்னர் காலத்தில், 1797இல் உருப்பெற்ற தாய்லாந்து இராமாயணமான ராமகியனில் சீதை இராவணனுக்கே மகளாகப் பிறக்கிறாள். அனுமன் இராவணனின் இன்னொரு மகளான மச்சகன்னியைக் காதலித்து ஒரு மகனையும் பெறுகிறான். விதை எங்கிருந்து வந்திருந்தாலும், அந்த மண்ணில் வளர்ந்த மரம் அம்மக்களுடையது. மகன் பத்துப் பன்னிரண்டு வயதில் தானாகவே ஒப்பிட்டுக் கேட்பான். அப்போது திருவெம்பாவையைப் பற்றி விரிவாகச் சொல்லுங்கள்.

அதுவரை இரண்டையும் அருகருகே வாழவிடுங்கள். ஏப்ரல் நடுவில் தாய்லாந்துப் புத்தாண்டான சொங்கிரானும் நம் புத்தாண்டும் சேர்ந்தே வருகின்றன. காலையில் உங்கள் வீட்டு வழக்கப்படி வழிபட்டபின், அக்கம்பக்கத்து முதியவர்களின் கைகளில் நறுமண நீர் வார்த்து வாழ்த்துப் பெற அவனை அனுப்பலாம்.

லோய் கிரதோங்கைப் பொறுத்தவரை எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நீரைப் பயன்படுத்தியதற்கும் மாசுபடுத்தியதற்கும் நீரன்னையிடம் மன்னிப்புக் கேட்கும் விழா அது. அந்த இரவு முடிந்ததும் பாங்காக் மாநகராட்சி ஊழியர்கள் லட்சக்கணக்கான மிதவைகளை நீர்நிலைகளிலிருந்து அள்ளுகிறார்கள். ஆகவே குழந்தைக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று என வாங்காமல், வீட்டுக்கு ஒன்றை மட்டும் மூவருமாகச் செய்யுங்கள். வாழையின் அடித்தண்டை வட்டமாக நறுக்கித் தந்து, குண்டூசிக்குப் பதில் ஈர்க்குச்சியால் இலையை மடித்துக் குத்த அவனுக்குக் கற்றுக்கொடுங்கள்; ஆசிரியை இசைந்தால் வகுப்பிலும் அவ்வாறே செய்யலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்