பணத்துக்கு வட்டி, ஆளுக்கு ஓட்டு

பதினான்கு பேர் சேர்ந்து தையல் யூனிட் தொடங்குகிறீர்கள், நான்கு லட்சம் போட்டவர் நான்கு ஓட்டு கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். கூடுதலாகப் போட்ட பணத்தைக் கடனாக எழுதி வட்டி கொடுங்கள். ஓட்டு எல்லாருக்கும் ஒன்றுதான்.

ஸ்பெயினில் மோன்ட்ராகோன் ஊரில் 1956-இல் தொடங்கிய தொழிலாளர் கூட்டுறவு ஆலைகளில், அதாவது வேலை செய்பவர்களே உரிமையாளர்களாக இருக்கும் ஆலைகளில், ஆளுக்கு ஒரு ஓட்டு என்பதுதான் முறை. உறுப்பினர்கள் எல்லாரும் கூடும் பொதுச்சபை நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும், குழு மேலாளரை நியமிக்கும். அன்றாட வேலையில் அவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும். பட்டன் நிறத்துக்கெல்லாம் ஓட்டெடுப்பு வைத்தால் சரக்கு போய்ச் சேராது! நம் நாட்டிலும் 1957-58 வாக்கில் அரசு அமைப்பான காபி போர்டு தன் காபிக் கடைகளை மூடியபோது, ஊழியர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து இந்தியன் காபி ஹவுஸை எடுத்து நடத்தினார்கள்.

அப்புறம், கணக்கு நோட்டு மேசை மேலேயே கிடக்கட்டும். துணி வாங்கிய பில் ஒருவர் கைப்பையிலேயே இருந்தால், மற்ற பதின்மூன்று பேரும் எதைப் பார்த்து ஓட்டுப் போடுவார்கள்?