வாட்ஸ்அப்பில் வரும் விசேஷ அழைப்புகளையும் 'இதுல சேருங்க' என்ற கோரிக்கைகளையும் மனம் நோகாமல் மறுக்க ஏதாவது டூல் இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் உங்கள் கீபோர்டிலேயே. தனி ஆப் தேவையில்லை. மறுப்பு வாக்கியத்தை ஒரு சுருக்கத்தோடு சேமித்துவைத்தால், சுருக்கத்தைத் தட்டும்போது முழு வாக்கியமும் கிடைக்கும்.

ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு (கூகுளின் கீபோர்டு) என்றால் அதன் செட்டிங்ஸில் டிக்‌ஷனரி, அதற்குள் பர்சனல் டிக்‌ஷனரி. மொழி கேட்கும் இடத்தில் 'எல்லா மொழிகளும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலத்தின் கீழ் சேமித்துவிட்டுத் தமிழ் கீபோர்டில் தேடுவதுதான் பலர் செய்யும் தவறு. பிளஸ் குறியைத் தொட்டு, மேலே முழு வாக்கியம், கீழே சுருக்கம். சுருக்கம் சாதாரணப் பேச்சில் வராததாக இருக்கட்டும்: 'வவவ' மாதிரி. அதைத் தட்டினால் வாக்கியம் பரிந்துரைப் பட்டையில் வரும், தொட வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு, டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட். அங்கே ஸ்பேஸ் தட்டியதும் தானாகவே மாறிவிடும்.

வாட்ஸ்அப் பிசினஸ் வைத்திருப்பவர்களுக்கு 'குவிக் ரிப்ளை', அதாவது சேமித்துவைக்கும் பதில்கள், உண்டு. 50 வரை சேமிக்கலாம், '/' போட்டால் பட்டியல் வரும். ஆனால் அந்த ஆப்பில் நீங்கள் இல்லாதபோது தானாகப் போகும் 'அவே மெசேஜை' மறுப்புக்குப் பயன்படுத்தாதீர்கள். துக்கச் செய்தி அனுப்பியவருக்கும் அதே பதில் போய்விடும்.

இனி வாக்கியம். நம்மூரில் 'பார்க்கலாம்', 'முயற்சி பண்றேன்' என்றால் மறுப்பு என்று நாம் நினைக்கிறோம். கேட்பவர் பாதி சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார். விசேஷ வீட்டில் சமையல்காரருக்கு இலைக் கணக்கு சொல்லியாக வேண்டும். உங்கள் 'பார்க்கலாம்' அங்கே இரண்டு இலையாகிவிடும். அதனால் தெளிவாக, அன்றைக்கே சொல்லுங்கள்:

"கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றிங்க. அன்னைக்கு என்னால வர முடியாது. விசேஷம் நல்லபடியா நடக்கட்டும்."

'அடுத்த வாரம் வீட்டுக்கு வர்றேன்' என்பதை டெம்ப்ளேட்டில் வைக்காதீர்கள். உண்மையிலேயே போவதாக இருந்தால் மட்டும் கையால் சேருங்கள்.

சீட்டு, கைமாத்து, சங்கப் பொறுப்பு போன்றவற்றுக்கு வேறு வாக்கியம் வேண்டும்: "இதுல நான் சேரலைங்க. என்னை எதிர்பார்க்காம வேற ஆளைப் பார்த்துக்கங்க." இங்கே காரணமே கூடாது. 'இந்த மாசம் கொஞ்சம் டைட்' என்றால் அடுத்த மாதம் முதல் தேதியே மறுபடி கேட்பார்கள். அவர்கள் மீது தப்பில்லை, நீங்கள்தான் தேதி கொடுத்தீர்கள்.

குரூப்பில் வந்த அழைப்புக்கு குரூப்பிலேயே 'வரலை' என்று போட்டால் பின்னாலேயே நாலு பேர் வரலை என்பார்கள். ஏற்பாடு செய்தவர் சோர்ந்துபோவார். அந்த மெசேஜை அழுத்திப் பிடித்து, ஆண்ட்ராய்டில் மூன்று புள்ளி மெனுவில் 'தனியாகப் பதிலளி' என்பதைத் தொடுங்கள்.

வீடு தேடி வந்து தட்டில் பத்திரிகை வைத்து அழைத்த பெரியவர்களுக்கு இது எதுவுமே சரிவராது. போன் பண்ணிச் சொல்வதுதான் மரியாதை.

டெம்ப்ளேட்டில் பெயரோ முறையோ வைக்காதீர்கள். வாக்கியம் விழுந்ததும் கர்சரை முன்னால் கொண்டுபோய் 'அத்தை', 'சார்' என்று நீங்களே தட்டுங்கள். மாறிப்போனால் 15 நிமிடத்துக்குள் எடிட் செய்யலாம், ஆனால் எடிட் செய்த அடையாளம் அவருக்குத் தெரியும். அதற்குள் அவர் படித்தும் இருப்பார்.