வெள்ளைப் பறவையைப் பனியில் வரைந்தால் பறவையே தெரிவதில்லை. டிஜிட்டலில் இதை எப்படிச் சரிசெய்வது?

பனிக்குத் தூய வெள்ளையைத் தொடவே தொடாதீர்கள். திரையில் அதைவிட வெளிச்சமான நிறம் கிடையாது. அதைத் தரை முழுக்கப் பூசிவிட்டால் பறவைக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாது.

நான் அதிகம் வரைவது ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் வாழும் தாஞ்சோவை. உச்சந்தலை சிவந்த, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரமுள்ள கொக்கு. அங்கே இந்த இனம் அழிந்தே போய்விட்டது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1920-களில் குஷிரோ சதுப்பு நிலத்தில் சிறு கூட்டம் ஒன்று கண்ணில் பட்டது. 1950-களின் தொடக்கத்திலிருந்து ஊர்க்காரர்கள் குளிர்காலத்தில் தீனி போட்டுக் காப்பாற்றினார்கள்; இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. அந்தப் பழக்கத்தால்தான் இப்போதும் சுருய் கிராமத்துப் பனிவயல்களில் கூட்டமாக வந்து நிற்கின்றன. பார்த்துப் பழக நல்ல புகைப்படங்கள் நிறையக் கிடைப்பதும் அதனால்தான்.

சரி, வரைவதற்கு வருவோம். கிரிட்டா என்ற வரையும் மென்பொருள் இலவசம், அதுவே போதும். கீழ் லேயர் (படத்தின் அடுக்கு) முழுக்க நீலம் கலந்த வெளிர் சாம்பல்: பிரகாசம் 80 சதவீதம், செறிவு (நிறத்தின் அடர்த்தி) 10 போல. பனியின் நிழல்களுக்குப் பிரகாசத்தை 65க்கு இறக்கி, செறிவை 25 வரை ஏற்றுங்கள். வெயில் படாத இடத்துக்கு வானத்தின் வெளிச்சம்தான் வருகிறது, அதனால்தான் பனிநிழல் நீலமாக இருக்கிறது. பறவையின் வெயில் படும் பக்கத்துக்கு லேசாக மஞ்சள் சாய்ந்த, வெள்ளைக்கு மிக நெருங்கிய நிறம். குளிர்ந்த நீலத்தின் பக்கத்தில் அந்தச் சின்னச் சூடு போதும், பறவை தனியாக எழுந்து நிற்கும்.

அடுத்தது வயிறு. புல்தரையில் நிற்கும் பறவைக்கு அடிவயிற்றை இருட்டாக்குவோம். பனியில் அது பொய்யாகிவிடும். புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது, அதில் ஒரு பங்கு கீழிருந்து வயிற்றில் படும். ஆகவே உடலில் மிக இருண்ட இடம் அடிவயிறு இல்லை. வெயிலும் படாமல் கீழ் ஒளியும் எட்டாமல் இருக்கும் விலாப்பக்கம். இதை மட்டும் சரியாகப் பிடித்தால் பாதிப் படம் முடிந்த மாதிரி.

தாஞ்சோவுக்கு வால் கறுப்பு என்று பலரும் வரைகிறார்கள். வால் வெள்ளைதான். நிற்கும்போது இறக்கையின் உட்புறக் கறுப்பு இறகுகள் அதன்மேல் தொங்கி மூடிக்கொள்கின்றன. பறக்கும் படம் ஒன்றைப் பார்த்தால் உடனே விளங்கும். உச்சந்தலைச் சிவப்பும் இறகு இல்லை, வெறும் தோல். அங்கே இறகு பிரஷ் வேண்டாம், சொரசொரப்பான சின்ன பிரஷ்ஷால் புள்ளி வைத்தால் போதும். முழுப் படத்திலும் கடும் சிவப்பு அந்த ஓர் இடத்தில் மட்டும் இருக்கட்டும்.

கால்களைப் பனியின் மேல் ஒட்டவைத்தது போல விடாதீர்கள். விரல்கள் புதையும், குழியின் ஓரம் கொஞ்சம் இருளும், அந்தக் குழியிலிருந்துதான் நிழல் தொடங்கும். பனி மேடு பள்ளமாக இருந்தால் நிழலும் அதன்படி வளைய வேண்டும்.

நடுநடுவே எல்லா லேயர்களுக்கும் மேலே கறுப்பு நிரப்பிய ஒரு லேயரை வைத்து, அதன் கலப்பு முறையை (கீழுள்ள லேயர்களோடு அது கலக்கும் விதத்தை) ‘கலர்’ என்று மாற்றிப் பாருங்கள். படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். அப்போதும் பறவை தெரிந்தால் நல்லது. தெரியவில்லை என்றால் தரையை இன்னும் ஒரு படி இறக்குங்கள். பறவைக்கு வெள்ளை ஏற்றிப் பயனில்லை.

அப்புறம், விழும் பனி. அதைக் கடைசியில் இரண்டு லேயர்களாகப் போடுங்கள்: பறவைக்குப் பின்னால் பொடிப்பொடியாக, முன்னால் பெரிதாக, மங்கலாக, மிகக் குறைவாக. கண்ணின் மேலோ அலகின் மேலோ ஒரு துகள் விழுந்தால் அழித்துவிடுங்கள்.