பாத்த சாட்சி இல்லன்னா போக்சோ கேஸ் நிக்காதா? வக்கீல் பதில்கள்

கேள்வி: எங்க ஊரு நீடாமங்கலம் பக்கம். தங்கச்சி மகளுக்கு 9 வயசு. தெருவுல ஒரு ஆளு தப்பா தொட்டத மூணு வாரம் கழிச்சுதான் சொன்னா. கம்ப்ளைண்ட் குடுத்தாச்சு. டாக்டர் ரிப்போர்ட்ல காயம் எதுவும் இல்ல, பாத்தவங்களும் யாரும் கெடையாது, கேஸ் நிக்காது பேசி முடிச்சுக்கங்கன்னு ஊர்ப் பெரியவங்க சொல்றாங்க. நெசமா?

பதில்: இல்லம்மா. போக்சோங்கறது 18 வயசு ஆகாத புள்ளைங்கள பாலியல் குத்தத்துலேர்ந்து காக்குற சட்டம். இந்தத் தப்ப எவனும் நாலு பேர் பாக்க செய்யமாட்டான், அது கோர்ட்டுக்கும் தெரியும். புள்ள சொல்றதே சாட்சிதான். பாதிக்கப்பட்டவங்க பேச்சு நம்புற மாதிரி இருந்தா அத மட்டும் வச்சே தண்டனை குடுக்கலாம்னு 1996-லயே குர்மீத் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. தொட்டதுக்கு காயம் எங்கேர்ந்து வரும்? துணிக்கு மேல தொட்டாலும் குத்தம்தான், 2021-ல அதையும் சொல்லியாச்சு. 12 வயசுக்கு கீழன்னா 5-லேர்ந்து 7 வருஷம் உள்ள போவணும். மூணு வார லேட்டுக்கு என்ன காரணம்னு சொல்லணும், பயந்துபோய் சொல்லலன்னா கோர்ட் ஏத்துக்கும்.

கோர்ட் உத்துப் பாக்கறது வேற. போலீஸ்ட்ட சொன்னது, மாஜிஸ்திரேட்ட சொன்னது, விசாரணையில சொல்றது, மூணும் முக்கியமான விஷயத்துல ஒத்துப்போவுதான்னு பாப்பாங்க, சின்னச் சின்ன மாத்தம் வந்தா பெருசா எடுத்துக்கறதில்ல. தேதியெல்லாம் தெரியணும்னு இல்ல. "அறுப்பு மிஷின் வந்த அன்னிக்கு, அம்மா களத்துக்கு போயிருந்துச்சு"ன்னா அது புள்ள பேச்சு. அதே புள்ள "மாலை 4.30 மணியளவில் பாலியல் சீண்டலில் ஈடுபட்டார்"னு ஒப்பிச்சுச்சுன்னு வைங்க, சொல்லிக் குடுத்த சாட்சின்னு எதிர் வக்கீல் ஒரே போடா போட்ருவாரு. அதனால பெரியம்மா நீங்க உட்பட யாரும் புள்ளைய ஒக்கார வச்சு திரும்பத் திரும்ப கேக்காதீங்க, பாசத்துலதான் கேக்குறீங்க, ஆனா கேக்கக் கேக்க உங்க வார்த்தை அவ வாய்க்குள்ள போயிரும்.

விசாரணையப் பத்தி ரொம்ப பயப்படாதீங்க. என்ன படிக்கிற, பொய் சொன்னா தப்பா இல்லையான்னு ஜட்ஜ் மொதல்ல சாதாரணமா பேசிப் பாப்பாரு. எதிர் வக்கீல் கேள்விகூட ஜட்ஜ் மூலமாத்தான் வரணும், அந்த ஆளு புள்ள கண்ணுல படக்கூடாது, இதெல்லாம் சட்டத்துலயே இருக்கு. எல்லா எடத்துலயும் ஒழுங்கா நடக்குதான்னா... அரசு வக்கீல்ட்ட முன்கூட்டியே ஞாபகப்படுத்துறது நல்லது.

பேசி முடிக்கற கதையே வேணாம். ராஜஸ்தான்ல ஒரு வாத்தியார் கேஸ்ல வீட்டாளுங்க சமாதானமாப் போய் ஹைகோர்ட் கேஸையே ரத்து பண்ணிடுச்சு, 2024-ல சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னு திரும்ப உயிர் குடுத்துச்சு.

கேள்வி: வாய்க்கா தகராறுல எங்க அண்ணன் மேல போக்சோ போட்டுட்டாங்க. குத்தம் பண்ணலன்னு நாங்கதான் நிரூபிக்கணுமாமே? (மன்னார்குடி வாசகர்)

பதில்: போக்சோ சட்டத்தோட 29-வது பிரிவப் படிச்சா அப்படித்தான் தோணும். ஆனா அடிப்படை விஷயத்த, அதாவது புள்ள வயசு, நடந்த சம்பவம் இதெல்லாத்தையும் போலீஸ் தரப்புதான் மொதல்ல காட்டணும், அப்புறம்தான் பாரம் உங்க பக்கம் வரும். அப்பயும் குறுக்கு விசாரணையிலயே அத ஒடைக்கலாம். முன்விரோதம்னு வாயால சொன்னா பத்தாது, தகராறு எப்ப வந்துச்சு, கம்ப்ளைண்ட் எப்ப வந்துச்சுன்னு பேப்பரோட காட்டுங்க. புள்ள பேச்சு உறுதியா இருந்தா வாய்க்கா தகராறு மட்டும் உங்களக் காப்பாத்தாது, அதையும் சொல்லிடறேன்.

கேள்வி: பொண்ணுக்கு 17 வயசுன்னு காட்ட டிசி போதுமா? (பேராவூரணி வாசகர்)

பதில்: போதாது. நம்ம தமிழ்நாட்டு கேஸ் ஒண்ணுலயே 2023-ல சுப்ரீம் கோர்ட் டிசிய ஏத்துக்கல. பள்ளிக்கூடம் குடுக்கற பிறந்த தேதி சர்டிபிகேட் இல்லன்னா பத்தாவது சர்டிபிகேட், அதுவும் இல்லன்னா பஞ்சாயத்து, நகராட்சில வாங்கின பிறப்புச் சான்றிதழ். எதுவுமே இல்லன்னாதான் எலும்ப வச்சு வயசு பாக்கற டெஸ்ட்.